ஜவ்வாது மலை ஸ்கிரீன்ஷாட் மரபில் சிவப்பு வட்டத்தின் தோற்றமும் வளர்ச்சியும்: ஓர் ஆய்வு

இயல் 1: ஆய்வுக் களம்

கணினித் திரையில் கண்டதைக் கண்டவாறே படமாக்கி, அதன்மேல் கோடிட்டு, வட்டமிட்டு, "இதைப் பாருங்கள்" என்று இன்னொருவருக்கு அனுப்பும் வழக்கம் இன்று பாமரர், படித்தவர், பதவியில் இருப்பவர் ஆகிய முத்திறத்தாரிடமும் காணப்படுகிறது. இவ்வழக்கத்தைப் புறவயமாகவும் அகவயமாகவும், தேவைப்பட்டால் இவ்விரண்டுமின்றியும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம் ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதி திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடப்பதால், பயணப்படி கோரும் ஆய்வாளருக்கு இதைவிடப் பொருத்தமான மலை வாய்ப்பது அரிது. ஒரு பக்கம் ஜமுனாமரத்தூர். மறுபக்கம் புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு. சாமை, தேன், புளி, பலா ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால் அவை இங்கு விடப்படுகின்றன. அருவிகளும் அவ்வாறே.

ஏன் இந்த மலை என்று வினவுவோருக்கு மூன்று காரணங்கள். முதற்காரணம் சிக்னல். சமவெளிக்காரர் ஒரு பக்கத்தைத் திறந்தால் அது நாளையும் திறக்கும் என்ற தைரியத்தில் இருக்கிறார். மலையில் அந்தத் தைரியம் கிடையாது. பழங்குடியினர் சாதிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். சான்று வழங்க வேண்டியவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். அவர் இருப்பது மலைக்குக் கீழே. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் திரையில் தோன்றும் ஓர் எண் மட்டுமே. அது தோன்றிய கணத்தில் மையத்துத் தம்பி விண்டோஸ், ஷிப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தியாக வேண்டும். தவறினால் டவர் போகும், பக்கம் வெளுக்கும், விண்ணப்பித்தவர் தம் ஊரிலிருந்து இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறி வர வேண்டும். கீழே பழக்கமாக உள்ளது மேலே முன்னெச்சரிக்கை. இது இக்கட்டுரையில் உள்ள ஒரே பயனுள்ள பத்தி. அவசரத்தில் இருப்போர் இத்துடன் எழுந்து போகலாம்.

இரண்டாம் காரணம் காவலூர். மூன்றாம் காரணம் ஒரு நாய். இவ்விரண்டும் உரிய இடத்தில் விளக்கப்படும்.

இயல் 2

இவ்வியல் நெறியாளரிடம் திருத்தத்தில் உள்ளது.

இயல் 3: முன்னோர் ஆய்வுகள்

இத்துறையில் முன்னோர் யாருமில்லை என்று எழுதினால் பட்டம் கிடைக்காது. இருக்கிறார்கள் என்று எழுதினால் அவர்களைப் படிக்க வேண்டியிருக்கும். இந்த இக்கட்டில் கைகொடுப்பவர் மேலது. தமிழ் ஆய்வேடுகளில் மிகுதியும் மேற்கோள் காட்டப்படும் அறிஞர் இவரே. சங்க இலக்கியம், கல்வெட்டியல், நாட்டுப்புறவியல், ஒப்பிலக்கியம், பின்நவீனத்துவம் என இவர் கால் பதிக்காத துறை இல்லை. ஒரே பக்கத்தின் அடியில் வரிசையாக ஏழெட்டு முறை வந்து நிற்பார், களைப்பென்பது இல்லை. பணி ஓய்வு பெற்றதாகவும் செய்தியில்லை. இவருடைய ஒன்றுவிட்ட தம்பி மு.நூ. என்பவரும் ஓரளவு பெயர் பெற்றவர். காண்க என்று மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவரை எவரும் கண்டதில்லை.

ஸ்கிரீன்ஷாட் குறித்து மேலது அவர்களின் அடிப்படைக் கொள்கை, திரையில் உள்ளது படத்திலும் உள்ளது என்பதாகும் (மேலது, ப. 3). பின்னர் அவரே இதைக் கடுமையாக மறுத்து, படத்தில் உள்ளது திரையில் இருந்தது என நிறுவினார் (மேலது, திருத்திய பதிப்பு, அதே ப. 3). இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு குறித்துப் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று கூட்டலாம். பதிவுக் கட்டணம் செலுத்தியோருக்குச் சான்றிதழும், ஐஎஸ்எஸ்என் எண் பெற்ற தொகுப்பில் கட்டுரை வெளியீடும் உறுதி. கட்டுரை எழுதித் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பன்னாட்டுத் தன்மைக்கு யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒருவர் ஜூம் வழியே இணைந்து, மைக் அணைந்திருப்பது தெரியாமல் 20 நிமிடம் பேசினால் போதும். அதற்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நிதி நல்கிய அமைப்புக்கு அனுப்பப்படும்.

இயல் 4: கருவியின் வரலாறு

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் விசைப்பலகையிலேயே 'பிரின்ட் ஸ்கிரீன்' விசை இருந்தது. அது அன்று பெயருக்கு உண்மையாக நடந்துகொண்டது: அழுத்தினால் திரையிலிருந்த எழுத்துகள் அச்சுப்பொறிக்குப் போயின. விண்டோஸ் வந்த பிறகு அதே விசை படத்தை எடுத்து யாருக்கும் தெரியாமல் கிளிப்போர்டில் வைத்துக்கொண்டது. அழுத்தியவருக்கு ஓர் ஒலியில்லை, ஒளியில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று மறுபடி அழுத்துவார். மறுபடியும் ஒன்றும் நடக்காது. கடைசியில் பெயின்டைத் திறந்து ஒட்டிப் பார்க்கும்போதுதான் நடந்தது தெரியும்.

ஸ்னிப்பிங் டூல் 2002இல் டேப்லெட் கணினிகளுக்கான துணைக் கருவியாகத் தோன்றி, 2007இல் விஸ்டாவோடு எல்லார் வீட்டுக்கும் வந்தது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளின் வழியே விண்டோஸ் மலையேறியபோது இதுவும் கூடவே ஏறியிருக்க வேண்டும். 2018இல் 'ஸ்னிப் அண்ட் ஸ்கெட்ச்' என்னும் புதியவர் வந்தார். பழையவரைத் திறந்தால், தாம் இடம் மாறப்போவதாக ஓர் அறிவிப்பைத் தாமே காட்டினார். பிரிவுபசார விழாவுக்கு மாலை வாங்காதது ஒன்றுதான் குறை. ஆனால் 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது பழையவர் பெயர் நிலைத்தது. புதியவர் அவருக்குள் கரைந்துபோனார். பணி நீட்டிப்பின் நுட்பங்களைக் கற்க விரும்பும் துறைத் தலைவர்கள் இந்நிகழ்வைத் தனியே ஆராயலாம்.

ஒரு செய்தியை மட்டும் கண்ணீருடன் பதிய வேண்டியுள்ளது. பழைய ஸ்னிப்பிங் டூலில், இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறந்த பக்கத்தை வெட்டி எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்தால், அந்தப் பக்கத்தின் முகவரியைப் படத்துக்கு அடியில் தானே எழுதிவைக்கும் வசதி இருந்தது. மேற்கோளுக்கு மூலம் காட்டிய ஒரே வெட்டுக் கருவி அது. அந்த ஒழுக்கம் நம் ஆய்வுலகத்துக்குப் பரவுமுன் கைவிடப்பட்டது.

இயல் 5: வகைப்பாடு

முழுத்திரை: எல்லாம் தெரியும், எதைப் பார்ப்பதென்று தெரியாது.

சாளரம்: ஒழுக்கமானவர்கள் எடுப்பது.

கைபோன போக்கு: அரிவாள் இல்லாமல் பலாப்பழம் பிளந்தது போன்ற ஓரங்களை உடையது, எடுத்தவர் இரண்டாம் முறை எடுப்பதில்லை.

செவ்வகம்: ஏனைய அனைத்தும்.

தாமதம் என்றொரு துணைவகை உண்டு. 3, 5, 10 நொடி என மூன்று அளவுகளில் கிடைக்கிறது. அரசு அலுவலக வழக்கில் தாமதம் வேறு அலகுகளால் அளக்கப்படுவதால் இங்கு விரிக்கப்படவில்லை. ஸ்னிப் அண்ட் ஸ்கெட்சில் அளவுகோலுடன் கோணமானி ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. விண்ணப்ப எண் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளக்க விரும்பிய குடிமகன் யார் என்பதை மேலது அவர்களும் கூறவில்லை.

இயல் 6: சிவப்பு வட்டம்

இக்கட்டுரையின் உயிர்நிலை இவ்வியல். இதற்கு முந்தையவை பக்க எண்ணிக்கைக்காக எழுதப்பட்டவை.

சிவப்பு வட்டம் என்பது வட்டமன்று. மவுஸைப் பிடித்து வரைந்த எதுவும் வட்டமானதாக வரலாறு இல்லை. பேனா தொடங்குமிடத்தில் கை நம்பிக்கையோடு இருக்கிறது. இடப்புறம் இறங்கும்போது மேசையின் விளிம்பு வந்துவிடுகிறது. மவுஸைத் தூக்கி வைக்க முடியாது, தூக்கினால் கோடு அறும். ஆகவே மணிக்கட்டு மட்டும் திரும்புகிறது. அடிப்பகுதி தட்டையாகிறது. மேலே ஏறி வரும்போது, தொடங்கிய இடம் எதுவென்ற ஐயம் எழுகிறது. கோடு தன் தலையைத் தாண்டி ஒரு வாலை விட்டு நிற்கிறது, அல்லது எட்டாமலே ஓய்கிறது. இதை அறிவியல் நோக்கில் வகைப்படுத்த மேலைநாட்டார் கோட்பாடு எதுவும் உதவவில்லை. உதவியவர் பவணந்தி முனிவர்.

13ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைத் தொகுக்கிறது. அவை நூலுக்கு அல்ல, சிவப்பு வட்டத்துக்கே சொல்லப்பட்டவை என்பது இவ்வாய்வாளரின் துணிபு. எட்டாமல் நின்ற வட்டம் குன்றக் கூறல். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து வளையம் இடுவது மிகைபடக் கூறல். முன்னவர் வட்டமிட்டு அனுப்பியதன்மேல் மறுபடி வட்டமிட்டு அனுப்புவது கூறியது கூறல். விண்ணப்பதாரர் பெயரை விட்டுவிட்டுப் பக்கத்து வரியில் உள்ள வேறொருவர் பெயரை வளைப்பது மற்றொன்று விரித்தல். ஒரே படத்தில் சரியென்று ஒரு வட்டமும் தவறென்று ஒரு வட்டமும் ஒரே நிறத்தில் இருப்பின் மாறுகொளக் கூறல்; இரண்டும் ஒன்றையொன்று வெட்டினால் மயங்க வைத்தல். திரை முழுவதையும் ஒரே வட்டத்துள் அடக்குவது நின்று பயனின்மை. பேனா தடிமனாகத் தொடங்கி, பாதியில் கருவி திணறி, கோடு புள்ளிகளாகி மறைவது சென்று தேய்ந்திறுதல். எஞ்சிய இரண்டும் இக்கட்டுரையிலேயே கிடைக்கும்.

நன்னூலின் உரையாசிரியர்களான மயிலைநாதரும் சங்கர நமச்சிவாயரும் இக்கருத்தைக் குறிப்பிடவில்லை. அவர்கள் காலத்தில் மவுஸ் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். இல்லாததற்கு உரை எழுதும் ஆற்றல் நம் உரைமரபில் இல்லையென்று சொல்வது அம்மரபை இழிவுபடுத்துவதாகும் (மேலது, வாய்மொழி, ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தம், மழை நேரம்).

நிறம் பற்றி. வட்டம் ஏன் சிவப்பு? வாத்தியார் சிவப்பு மை என்பது ஒரு கருத்து. இது எளிதாக இருப்பதால் ஏற்க இயலாது. பழைய ஸ்னிப்பிங் டூல் எதை வெட்டினாலும் வெட்டின ஓரத்தில் தானே ஒரு சிவப்புக் கோடு போட்டுவைத்தது; அமைப்புகளுக்குள் போய் மாற்றாதவரை அது போகாது. கருவியே கற்றுக்கொடுத்த பழக்கம் இது என்பது நம் முடிபு. பச்சை வட்டம் மிக அரிது. பச்சை மை கெசட்டட் அதிகாரிக்கு உரியது என்ற நம்பிக்கை நாட்டில் ஆழமாக இருப்பதால், படத்தில்கூட அதைத் தொட மக்கள் அஞ்சுகிறார்கள் எனக் கருதலாம்.

6.1: உரை, உரைக்கு உரை

ஒரு ஸ்கிரீன்ஷாட் தனித்து வாழ்வதில்லை. ஒருவர் எடுத்து வட்டமிட்டுக் குழுவில் போடுகிறார். அடுத்தவர் அந்த உரையாடலையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வட்டத்துக்கு வெளியே ஒரு வட்டமிட்டு மேலதிகாரிக்கு அனுப்புகிறார். மேலதிகாரி அதைத் தம் திரையில் பிடித்து, அம்புக்குறி சேர்த்து, "உடன் நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதி, முதலில் அனுப்பியவருக்கே அனுப்புகிறார். இந்நிலையில் மூலம் எறும்பளவு ஆகிவிடுகிறது. அதைச் சுற்றி மூன்று தலைமுறை உரை நிற்கிறது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை, அவரை மறுத்துச் சேனாவரையர், இருவரையும் தாண்டி நச்சினார்க்கினியர், அவர்கள் எல்லாரையும் பற்றி நம் பேராசிரியப் பெருமக்கள் என்று வளர்ந்த அதே மரபு. வேறுபாடு ஒன்றே: மேலே சொன்ன மூவரும் மூலத்தைப் படித்திருந்தார்கள்.

களப்பணியில் கிடைத்த தரவொன்று இங்குப் பொருத்தமுடையது. இ-சேவை மையத்தில் பெரியவர் ஒருவர் அச்செடுத்த ஸ்கிரீன்ஷாட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, செவப்பா சுழிச்சிருக்குதே, இது கவர்மென்ட்டு போட்டதா, நீ போட்டதா?"

"நான்தான் தாத்தா. உங்க நம்பரு அதுக்குள்ள இருக்குது."

"உள்ள ஒண்ணும் தெரியலியே."

"இருக்குது தாத்தா. கோட்டுக்கு அடியில."

இவ்வுரையாடல் ஓர் உண்மையை நிறுவுகிறது: சுட்டிக்காட்டும் கருவி தடிக்கத் தடிக்கச் சுட்டப்பட்டது மறைகிறது. இதைத் தமிழியல் ஆய்வுகளோடு ஒப்பிட்டு எழுதுமாறு நண்பர்கள் வற்புறுத்தினர். இவ்வாய்வாளருக்கு இன்னும் வாய்மொழித் தேர்வு முடியவில்லை.

6.2: தொன்மை

எந்தப் பொருளையும் தமிழன் முதலில் கண்டான் என்று ஓர் உட்பிரிவில் நிறுவாத ஆய்வேடு ஏற்கப்படுவதில்லை. நல்வாய்ப்பாக, சான்று மலையடிவாரத்திலேயே கிடக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் தொகுத்து வெளியிட்டது. அவ்வட்டாரத்தில் எடுத்தனூரில் உள்ள கல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்க நின்று பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரன் அதில் செதுக்கப்பட்டிருக்கிறான். பக்கத்தில் ஒரு நாய். நாய் இருந்தால் போதும் என்று செதுக்கியவர் விடவில்லை. அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதென்றும் எழுதிவைத்திருக்கிறார்.

சிந்தியுங்கள். ஓடும் நிகழ்ச்சியில் ஒரு கணத்தை நிறுத்திப் பிடித்தது. செவ்வகச் சட்டத்தில் வெட்டியது. படத்தின்மேலேயே யார், என்ன, எந்த ஆண்டு என்று குறித்தது. இது குறிப்பெழுதிய ஸ்கிரீன்ஷாட் அன்றி வேறென்ன? ரெட்மண்டில் உள்ள விண்டோஸ்காரர்கள் இதைக் கண்டிருக்க வேண்டும். எப்படிக் கண்டார்கள் என்பதற்கான ஆதாரம் கடல் கொண்டது.

ஆனால் (இந்த 'ஆனால்' ஆய்வேட்டில் நீக்கப்படும்) எடுத்தனூர்ச் சிற்பி வட்டம் போடவில்லை. நாய்க்கு அம்புக்குறி காட்டவில்லை. எழுத்தை எழுத வேண்டிய இடத்தில் எழுதி, நாயை நாயாக விட்டார். 1,400 ஆண்டு கழித்தும் எது நாய், எது கத்தி என்று தெரிகிறது. நம் கருத்தரங்கக் குழுப் படங்களில் நாற்பது பேர் நிற்பார்கள். ஒருவர் பெயரும் இருக்காது.

6.3: காவலூர்

மலைமேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர். அங்குள்ள வைணு பாப்பு வான்ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். மலையில் நடந்த மிகச்சிறந்த திரைப்பிடிப்புகள் இங்கேதான் நடந்தன. திரை மட்டும் கொஞ்சம் பெரிது.

1988 பிப்ரவரியில் இங்கு எடுத்த படங்களில் ஒரு புள்ளி மற்றப் புள்ளிகளோடு நில்லாமல் நகர்ந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஆர். ராஜமோகன். இன்று அது 4130 ராமானுஜன் என்னும் சிறுகோள். ஒரே வானத்தை வேறுவேறு நேரங்களில் பிடித்து அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் முறை. வட்டம் கண்டுபிடித்த பிறகு வந்தது. நம் வாட்சப் குழுக்களில் வட்டம் முதலில் வருகிறது.

இதற்கு முன், 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு நகர்ந்தபோது காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி அதன் ஒளியைப் பதிவு செய்துகொண்டிருந்தது. கோள் மறைக்குமுன்பே பதிவுக் கோட்டில் சிறியதொரு பள்ளம் விழுந்தது. காவலூர்க்காரர்கள் அதற்கு அருகே, ஒரு வகையில் சொன்னால், 'புதிய துணைக்கோள்' என்று குறிப்பெழுதி 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார்கள். அதே இரவில் பறக்கும் ஆய்வகத்திலிருந்து நோக்கிய அமெரிக்கக் குழுவினரின் பதிவில் கோளுக்கு இருபுறமும் இத்தகைய பள்ளங்கள் ஒழுங்காக விழுந்திருந்தன. அவை யுரேனஸின் வளையங்கள். குறிப்பு திருத்தப்பட்டது, பதிவைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. பள்ளத்தின்மேல் தடித்த பேனாவால் யாரும் கிறுக்காததால் அது மறுபடி பார்க்கத்தக்கதாக இருந்தது.

ஹார்வர்டு வான்காணகத்தில், குறிப்பு மூலத்தை மறைக்கும் சிக்கல் வேறு வடிவில் வந்தது. அங்குச் சுமார் 5 லட்சம் கண்ணாடித் தகட்டுப் படங்கள். அவற்றைக் கணக்கிட அமர்த்தப்பட்ட பெண்கள் விண்மீன்களுக்கு அருகே கண்ணாடிப் புறத்தில் மையால் அம்பும் எண்ணும் வட்டமும் இட்டுவைத்தார்கள். வானியலின் பெரிய கண்டுபிடிப்புகள் சில அந்த மையில் பிறந்தவை. இந்த நூற்றாண்டில் தகடுகளைக் கணினிக்கு ஏற்றத் தொடங்கியபோது, மை விண்மீன்களை மறைத்தது, துடைத்தார்கள். துடைக்குமுன் அந்தக் குறிகளைத் தனியே படமெடுத்துக்கொண்டார்கள். விண்மீனின் படம், படத்தின்மேல் குறிப்பு, குறிப்பின் படம், குறிப்பில்லாத படம் என நால்வகை. இதைக் கேள்வியுற்ற மேலது அவர்கள் மூன்று நாள் உணவு கொள்ளவில்லை (மேலது, முன்னர்த் தாம் கூறியதை மறுத்து எழுதியதற்கு, இரண்டையும் படிக்காத மு.நூ. எழுதிய மறுப்புரை, அதன் பிழைதிருத்தம், பிழைதிருத்தத்தின் அச்சுப்பிழை, பக்க எண் வெட்டுப்பட்டுள்ளது, வாட்சப் வழிப் பகிர்வு, "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது", அழிக்குமுன் எடுத்த ஸ்கிரீன்ஷாட், சார்ஜ் 4 விழுக்காடு, காண்க).

6.4: காலக்கணிப்பு

ஸ்கிரீன்ஷாட்டின் காலத்தை எழுத்தமைதி கொண்டு கணிக்கலாம். சாளர ஓரம் கண்ணாடிபோல் பின்னுள்ளதைக் காட்டினால் விஸ்டா அல்லது விண்டோஸ் 7 காலம். கூர்மூலை, தட்டை நிறம் எனில் விண்டோஸ் 8, 10. மூலை மழுங்கினால் 2021க்குப் பின். வட்டம் பிசிறில்லாத நீள்வட்டமாக இருந்தால் இரண்டு வாய்ப்புகள்: ஒன்று, எடுத்தவர் அதைப் பெயின்டுக்குக் கொண்டுபோய் வரைந்திருக்கிறார், இரண்டு, 2024இல் ஸ்னிப்பிங் டூலுக்குள்ளேயே வடிவங்கள் வந்த பிறகு எடுக்கப்பட்டது. அவ்வாண்டோடு கைவட்டத்தின் செவ்வியற்காலம் முடிந்ததென்று கொள்ளலாம்.

திரையின் வலது கீழ்மூலையில் தேதியும் நேரமும் தெளிவாக அச்சாகியிருக்கின்றனவே என்று ஒரு மாணவர் கேட்டார். அதைப் படித்துச் சொல்லிவிட்டால் ஆய்வாளருக்கு என்ன வேலை? கல்வெட்டில் ஆட்சியாண்டே வெட்டியிருந்தும் எத்தனை அறிஞர்கள் எத்தனை ஆண்டுகள் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அம்மாணவர் வெட்கப்படுவார். ஒரு மன்னனுக்கு மூன்று காலமும், மூன்று கட்சியும், கட்சிக்கொரு பதிப்பகமும் இருப்பதுதான் துறை வளர்ச்சி.

இயல் 7: வெட்டும் மறைப்பும்

இவ்வியல் வேடிக்கைக்கு உரியதன்று. ஸ்கிரீன்ஷாட்டை எடுத்தபின் வேண்டாத பகுதியை வெட்டிச் சேமித்தால், வெட்டிய பகுதி போய்விட்டது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 2023 மார்ச்சில் அந்நம்பிக்கை உடைந்தது. முதலில் கூகுள் பிக்சல் போன்களில், அடுத்த சில நாளில் விண்டோஸ் 11 ஸ்னிப்பிங் டூலிலும் விண்டோஸ் 10இன் ஸ்னிப் அண்ட் ஸ்கெட்சிலும் ஒரே பிழை வெளிப்பட்டது. வெட்டிய படத்தைப் பழைய கோப்பின்மேலேயே சேமித்தால், கருவி புதிய சிறிய படத்தைக் கோப்பின் தொடக்கத்தில் எழுதியது. எஞ்சிய பழைய பகுதியைக் கத்தரிக்க மறந்தது. படம் பார்ப்பவருக்குச் சிறிதாகவே தெரியும். கோப்பின் வாலில், வெட்டியதாக நினைத்த ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கோ மீட்கத்தக்கதாகக் கிடக்கும். 'ஏக்ராப்பலிப்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அந்த மாதமே திருத்தமும் வந்தது. அதற்குமுன் வெட்டி அனுப்பியவை அனுப்பியவைதான்.

மறைப்பில் இன்னொரு பிரிவு உண்டு. ஹைலைட்டர் கொண்டு மறைப்போர். அது பின்னுள்ளதைக் காட்டவே செய்யப்பட்டது. அதைப் பலமுறை பூசினாலும், படத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் எண் எட்டிப்பார்க்கலாம். மறைக்க வேண்டியதை நிரப்பிய கட்டத்தால் மறைக்கவும். தொலைபேசி எண்களைத் தானே கண்டு மூடும் வசதியும் விண்டோஸ் 11இல் வந்திருக்கிறது. மூடியதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பவும். இந்த இயலில் மேலது எங்கும் மேற்கோள் காட்டப்படவில்லை என்பதை வாசகர் கவனிக்கலாம்.

இயல் 8: புறச்சமயம்

கணினிக்குள் இருக்கும் கருவி எதையும் ஏற்காதவர்கள் மலையிலும் சமவெளியிலும் பெருந்தொகையினர். திரையில் ஒன்று வந்தால் இவர்கள் செல்போனை எடுத்துத் திரையையே படம் பிடித்துவிடுவார்கள். விசையில்லை, வெட்டில்லை, சேமித்த இடம் எது என்ற தேடலில்லை. இவர்களின் படத்தில் திரை ஒருபுறம் சாய்ந்திருக்கும். குறுக்கே அலையலையாக வரிகள் ஓடும். திரையின் புள்ளிக் கட்டமும் கேமராவின் புள்ளிக் கட்டமும் ஒன்றோடொன்று இசையாததால் வருவது அது. நடுவில் டியூப்லைட். கீழே விசைப்பலகையின் பாதி, டீ கிளாஸ், யாருடைய கட்டைவிரலோ.

உட்கருவிப் பள்ளியினர் இதை ஸ்கிரீன்ஷாட்டாகவே ஒப்புக்கொள்வதில்லை. இவ்வாய்வாளர் உடன்படவில்லை. மூலத்தின் சூழலைப் பேணும் ஒரே வகை இதுதான். எந்த அறை, எந்த மேசை, பின்னால் எந்தக் கடையின் காலண்டர் என எல்லாம் இதில் உண்டு. வட்டமிடவும் தேவையில்லை, எடுத்தவர் இன்னொரு கையின் விரலைத் திரைமேல் வைத்துக் காட்டியிருப்பார். விரலுக்கு அடியில் உள்ளது தெரியாது என்பது உண்மைதான். அது எல்லாப் பள்ளிக்கும் பொது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட படங்களுள் ஒன்று தனிச்சிறப்புடையது. அதில் பக்கம் திறக்காததால் திரையின் பெரும்பகுதி கறுப்பு. அந்தக் கறுப்பில், செல்போனை இரு கையாலும் பிடித்து நிற்கும் ஓர் உருவம் பிரதிபலிக்கிறது. மையத்துத் தம்பி என்று முதலில் கருதப்பட்டது. தம்பி பின்னால் பிரின்டரோடு போராடிக்கொண்டிருப்பது தெரிந்ததும் அக்கருத்து கைவிடப்பட்டது. உருவத்துக்கு மூக்குக்கண்ணாடி உண்டு. தோளில் கருத்தரங்கில் தரும் வகைப் பை. பையிலிருந்து தடித்த அட்டை போட்ட ஆய்வேடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒருமுறையும் விரிக்கப்படாத நூலின் முதுகு அதற்கு. இத்தனை துறைகளில் இத்தனை பக்கங்களில் வாழ்ந்தும் இதுவரை ஒரு படமும் கிடைக்காதவர் ஒருவரே. ஆகவே இவ்வுருவம் மேலது அவர்களே எனத் துணியப்படுகிறது. வாசகர் ஐயமின்றிக் கண்டுகொள்வதற்காக அவர் முகத்தைச் சுற்றி, கருவியில் உள்ளதிலேயே தடித்த பேனாவால், மூன்று முறை சிவப்பு வட்டமிடப்பட்டுள்ளது. முகம் இப்போது தெரியவில்லை. கோட்டுக்கு அடியில் இருக்கிறது, காண்க.